ஆகாயத்தில் பேசும் பாஷை

இராமேசுவரத்துக்குப் போய் வந்தவர்கள் கோயிலின் நீண்ட பிராகாரத்தைப் பற்றிச் சொல்வார்கள். 22 தீர்த்தங்களில் நீராடியதைச் சொல்வார்கள். பாம்பன் பாலத்தின்மீது ரயில் ஊர்ந்தபோது நெஞ்சு படபடத்ததைச் சொல்லாதவர்களே இல்லை. நாம் இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புவது இவற்றில் எதுவும் அன்று. அந்தத் தீவின் ஆரம்பப் பள்ளிக்கூடம் ஒன்றில், எண்பது வருஷங்களுக்கு முன்னால் நடந்த ஒரு பாடத்தைப் பற்றியே சொல்லப் போகிறோம்.

ஐந்தாம் வகுப்பு. சிவசுப்பிரமணிய ஐயர் என்ற உபாத்தியாயர் கரும்பலகையில் ஒரு பறவையின் படத்தை வரைந்து, அது எவ்வாறு இறக்கையடித்து மேலெழும்புகிறது, எவ்வாறு திசை மாறுகிறது என்பதையெல்லாம் விளக்கினார். பாடம் முடிந்ததும், "புரிந்ததா?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு நம் நாட்டு வகுப்புகளில் ஒரே பதில்தான் வழக்கம் என்பது நேயர்களுக்குத் தெரியும். "புரிந்தது, ஸார்!" என்று எல்லோரும் ஏகோபித்துச் சொல்லிவிட்டு, புஸ்தகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவோம். ஆனால் அன்று ஒரு பையன் தனக்குப் புரியவில்லை என்று சொன்னான். ஐயர் மற்றப் பிள்ளைகளைக் கேட்டார். அவர்களிலும் பலர் புரியவில்லை என்றே சொன்னார்கள். ஐயருக்குக் கோபம் வரவில்லை. அன்று மாலை வகுப்பு முழுவதையும் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, அலைகளுக்கு மேலே பறக்கும் பறவைகளைக் காட்டி மறுபடியும் பாடம் நடத்தினார்.

அந்தப் பையன்தான் பிற்காலத்தில் குடியரசுத் தலைவராக விளங்கிய டாக்டர் அப்துல் கலாம். விமானக் கலையில் தமக்கு ஆசை முளைத்தது அந்தக் கடற்கரையில்தான் என்று அவரே பல சபைகளில் சொல்லியிருக்கிறார். அவர் பிறந்தது 1931 அக்டோபர் 15. அவருக்குச் சரியாக ஒரு வயது நிறைந்த 1932 அக்டோபர் 15 அன்றுதான், ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டைகளுடன் தம் சிறு விமானத்தை ஓட்டி வந்தார். இந்தியாவின் விமானப் போக்குவரத்தும் இராமேசுவரத்துப் பையனும் ஒரே தேதியில் பிறந்தநாள் கொண்டாட வேண்டியவர்கள்!

விமானங்களைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் நமக்கு அந்தப் பையன் சொன்ன "புரியவில்லை" என்ற ஒரு சொல்தான் நினைவுக்கு வருகிறது. ஆகாயத்தில் பேசும் பாஷையில் அதைவிட விலையுயர்ந்த சொல் கிடையாது என்பதை இக்கட்டுரையைப் படித்து முடிப்பதற்குள் நேயர்களும் ஒப்புக்கொள்வார்கள் என்று நம்புகிறோம்.

பருந்துக்கும் பாஷை உண்டு

இராமநாதபுரத்துக்கும் பாம்பனுக்கும் நடுவே உச்சிப்புளியில் இந்தியக் கடற்படையின் விமான தளம் ஒன்று இருக்கிறது. 2009-ஆம் வருஷத்தில் அதற்கு 'ஐ.என்.எஸ். பருந்து' என்று நல்ல தமிழ்ப் பெயர் சூட்டினார்கள். பெயர் தமிழ்தான், ஆயினும் அங்கிருந்து கிளம்புகிறவர்கள் ரேடியோவில் பேசுவது ஆங்கிலம். பாக் ஜலசந்திக்கு மேலே உயரத்தில் பறக்கும் பிரயாணி விமானம் சென்னையின் பொறுப்பிலிருந்து கொழும்பின் பொறுப்புக்குப் போகிறது. இக்கரையில் பேசுகிறவரும் தமிழராக இருக்கலாம். அக்கரையில் கேட்கிறவரும் தமிழராக இருக்கலாம். அப்படியானால் இருவரும், "என்ன அண்ணே, செளக்கியமா?" என்று தமிழிலேயே விஷயத்தை முடித்துக்கொண்டால் என்ன?

இந்தக் கேள்விக்குப் பதிலை ஐரோப்பாவில் நடந்த ஒரு துயர சம்பவம் சொல்கிறது. 1976 செப்டம்பர் 10 அன்று, அந்நாளைய யூகோஸ்லாவியாவில் ஜாக்ரப் நகரத்துக்கு அருகே பிரிட்டிஷ் விமானம் ஒன்றும் யூகோஸ்லாவிய விமானம் ஒன்றும் நடுவானில் மோதி 176 பேர் மாண்டனர். ஆபத்தைக் கடைசி நிமிஷத்தில் கண்டுகொண்ட தரை அதிகாரி, பதற்றத்தில் தம் தேசத்து விமானியிடம் தாய்மொழியில் பேசிவிட்டார். அதே ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருந்த பிரிட்டிஷ் விமானிகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆகாயத்தில் இரண்டு பேர் பேசிக்கொள்வது அவர்கள் இருவருக்கு மட்டும் உரிய விஷயம் அன்று. பக்கத்தில் பறக்கிற மூன்றாம் மனிதரின் உயிரும் அதைக் காதில் வாங்குவதில் இருக்கிறது. ஆகவேதான் பல தேசத்தாருக்கும் பொதுவான ஒரு பாஷை வேண்டியிருக்கிறது. சரித்திர காரணங்களால் அந்த இடம் ஆங்கிலத்துக்குக் கிடைத்தது.

இராமேசுவரத்து மீனவர்களுக்கு இந்த நியாயத்தை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று திசைக்கு ஒரு பெயர் வைத்துக் காற்றை அழைக்கிறவர்கள் அவர்கள். "காற்று கொஞ்சம் அந்தப் பக்கமாக அடிக்கிறது" என்று கடலில் யாரும் சொல்வதில்லை. கச்சான் என்றால் கச்சான்தான். உயிருக்கு ஆபத்தான இடத்தில் சொல் சுருக்கமாகவும், ஒரே பொருளுடையதாகவும் இருக்க வேண்டும் என்பது கடலோரத்தாரின் பழைய ஞானம். விமானிகள் கற்பதும் அதே ஞானந்தான்; பாஷை மட்டும் வேறு.

"டூ" செய்த காரியம்

ஆங்கில இலக்கணம் என்றால் நம் வீடுகளில் பிள்ளைகளுக்குக் குலை நடுக்கம். பரீட்சையில் பத்து மார்க்கு போய்விடும் என்ற அளவில்தான் அந்தப் பயம். இலக்கணத்தின் ஒரு சின்னஞ்சிறு சொல்லால் ஒரு விமானமே போய்விட்ட கதையைக் கேளுங்கள்.

ஆங்கிலத்தில் 'இரண்டு' என்ற எண்ணும் "டூ". 'இவ்வளவுக்கு' என்று நாம் வேற்றுமை உருபு சேர்த்துச் சொல்வதற்குரிய இடைச்சொல்லும் "டூ". ஆங்கிலத்தில் எழுத்து வேறு. நம் தமிழ் எழுத்திலோ அந்த வித்தியாசமும் இல்லை. காதுக்கு எப்படியும் இரண்டும் ஒன்றே. 1989 பிப்ரவரி 19 அன்று சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூரின் சுபாங் நிலையத்துக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு ஒரு போயிங் 747 விமானம் வந்துகொண்டிருந்தது. "டிஸெண்ட் டூ ஃபோர் ஜீரோ ஜீரோ" என்று தரையிலிருந்து உத்தரவு வந்தது. 2,400 அடி உயரத்துக்கு இறங்குக என்பது பொருள். விமானியோ "டூ" என்பதை இடைச்சொல்லாக எடுத்துக்கொண்டு, "ஓ.கே., ஃபோர் ஜீரோ ஜீரோ" என்று பதில் சொன்னார், அதாவது 400 அடி. தரையிலிருந்தவர் அந்தப் பதிலில் இருந்த பிழையைக் கவனிக்கவில்லை. விமானம் ஒரு குன்றின்மீது மோதிற்று. அதில் இருந்த நால்வரும் மாண்டனர்.

இதில் யார் ஆங்கிலம் தெரியாதவர்? இருவருக்கும் தெரியும். விமானிகளோ அமெரிக்கர்கள்; ஆங்கிலம் அவர்களுக்குத் தாய்மொழி! "டூ தெளஸண்ட் ஃபோர் ஹண்ட்ரட் ஃபீட்" என்று முழுமையாகச் சொல்லியிருந்தால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. "நமக்கு ஆங்கிலம் தாய்மொழி அல்லவே, நம்மால் விமானியாக முடியுமா?" என்று ஏங்கும் இராமநாதபுரத்து மாணவன் இந்தச் சம்பவத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆகாயத்தில் ஆபத்து வருவது பாஷை தெரியாததால் மட்டும் அல்ல. தெரியும் என்ற அலட்சியத்தாலும் வருகிறது.

நிகழ்காலம் விளைத்த விபரீதம்

தமிழர்களாகிய நாம் காலங்காட்டும் விஷயத்தில் மிகவும் தாராளமானவர்கள். வாசலிலிருந்து நண்பர் கூப்பிட்டால், இன்னும் சட்டையைக்கூட மாட்டாத நிலையில், "இதோ வந்துவிட்டேன்!" என்று இறந்தகாலத்தில் குரல் கொடுப்போம். அடுத்த மாதம் போக வேண்டிய ஊருக்கு, "காசிக்குப் போகிறேன்" என்று நிகழ்காலத்தில் சொல்வோம். வீட்டில் இதனால் வரும் நஷ்டம் நண்பர் கால் கடுக்க நிற்பது ஒன்றே.

1977 மார்ச் 27 அன்று அட்லாண்டிக் சமுத்திரத்தில் ஸ்பெயின் தேசத்துக்கு உரிய டெனரீஃப் தீவில், மேகம் தரையிலே படிந்து எதிரே இருப்பது தெரியாத நேரம். இரண்டு பெரிய போயிங் 747 விமானங்கள் ஒரே ஓடுபாதையில் இருந்தன. டச்சு விமானம் உத்தரவு கிடைக்கு முன்னரே ஓடத் தொடங்கியிருந்தது. அதன் துணை விமானி, "வீ ஆர் நெள அட் டேக்-ஆஃப்" என்று ரேடியோவில் சொன்னார். 'இதோ கிளம்பிக்கொண்டிருக்கிறோம்' என்பது அவர் கருத்து. அவருடைய தாய்மொழியின் வாக்கிய அமைப்பு ஆங்கிலத்துக்குள் எட்டிப் பார்த்ததாகப் பின்னால் ஆராய்ந்தவர்கள் சிலர் சொன்னார்கள். கோபுரத்தில் இருந்தவரோ, 'கிளம்ப வேண்டிய இடத்தில் நிற்கிறோம்' என்று பொருள் செய்துகொண்டு "ஓ.கே." என்றார். பிறகு, "காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன்" என்றும் சொன்னார். அதே கணத்தில், தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று அமெரிக்க விமானமும் பேசிற்று. இரண்டு குரல்களும் ரேடியோவில் மோதி வெறும் கீச்சொலியாகிவிட்டன. டச்சு விமானிகளுக்குத் தெளிவாகக் கேட்டது "ஓ.கே." என்பது மட்டுமே. 583 உயிர்கள் போயின. விமான சரித்திரத்தில் அவ்வளவு பெரிய விபத்து அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அதற்குப் பிறகு உலகம் ஒரு விதி செய்துகொண்டது. 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை, கிளம்புவதற்கு உத்தரவு தரும்போதும் அந்த உத்தரவை ரத்து செய்யும்போதும் தவிர வேறெங்கும் உச்சரிக்கலாகாது. மற்றச் சமயங்களில் 'டிபார்ச்சர்' என்றே சொல்ல வேண்டும். ஒரு சொல்லுக்கு இப்படிக் காவல் போட்டு வைத்திருப்பதைப் பார்த்தால், கர்ப்பக் கிருகத்துக்கு வெளியே சொல்லாத மந்திரம் போல் தோன்றுகிறதல்லவா?

மரியாதையும் ஆபத்தாகும்

1990 ஜனவரி 25 அன்று கொலம்பியா தேசத்து விமானம் ஒன்று நியூயார்க் நகரத்தை நெருங்கிற்று. நெரிசல் காரணமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் வானத்திலே வட்டமிட்டுக் காத்திருக்க நேர்ந்தது. எண்ணெய் தீர்ந்துகொண்டே வந்தது. துணை விமானி பல முறை அதைத் தரைக்குத் தெரிவித்தார். "எங்களுக்கு எண்ணெய் தீர்ந்துகொண்டிருக்கிறது" என்றுகூடச் சொன்னார். இலக்கணத்தில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் "மேடே" என்றோ "எமர்ஜென்ஸி" என்றோ ஒரு முறைகூட அவர் வாயிலிருந்து வரவில்லை. ஆபத்து என்று சொல்லும்படி மூத்த விமானி தம் தாய்மொழியில் அவரிடம் கூறியும், அந்தச் சொல் ரேடியோவை எட்டவில்லை. தரையில் இருந்தவர்கள் அவரது அமைதியான குரலைக் கேட்டு, அவசரம் இல்லை என்று எண்ணினார்கள். விமானம் விழுந்தது, 158 பேரில் 73 பேர் மாண்டனர்.

இந்தச் சம்பவம் நம்மவர்களுக்கு மிகவும் அருகில் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. பெரியவர்களிடம் ஒரு கஷ்டத்தைச் சொல்ல நேர்ந்தால், "ஒன்றும் அவசரமில்லை, தங்களுக்கு ஒழிந்தபோது பார்த்தால் போதும்" என்று சொல்லிவிட்டு வரும் பரம்பரை நம்முடையது. தரையிலே அது பண்பு. வானத்திலே அதற்கு இடமில்லை. இன்று எண்ணெய் குறைந்தால் சொல்ல வேண்டிய சொற்களே தனியாக வகுக்கப்பட்டிருக்கின்றன. "மினிமம் ஃப்யூயல்" என்றால் இனித் தாமதம் தாங்காது என்று பொருள். "மேடே ஃப்யூயல்" என்றால் உயிராபத்து என்று பொருள். கெஞ்சவும் வேண்டாம், விளக்கவும் வேண்டாம்.

நம் தேசத்து வானத்தில்

இவையெல்லாம் எங்கோ நடந்தவை என்று இருந்துவிட முடியாது. 1996 நவம்பர் 12 மாலை, டில்லிக்கு மேற்கே ஹரியானாவில் சர்க்கி தாத்ரி என்ற ஊருக்கு மேலே, டில்லியிலிருந்து கிளம்பிய செளதி விமானமும் டில்லியில் இறங்க வந்த கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் மாண்டனர். கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடியில் நிற்கும்படி உத்தரவு. செளதி விமானத்துக்கு 14,000 அடி. இடையே ஆயிரம் அடி இடைவெளி இருந்திருக்க வேண்டும். ஆனால் முன்னது தனக்கு விதித்த உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. நீதிபதி லஹோதி தலைமையில் விசாரணை நடந்தது. அந்த விமானத்தில் தரையுடன் பேசியவர் ரேடியோ உத்தியோகஸ்தர், ஓட்டியவர் வேறு. அவர்களுடைய ஆங்கில அறிவின் குறைவும் அப்போது பேசப்பட்டது.

இத்தகைய விபத்துக்களுக்குப் பிறகு, மாண்ட்ரீல் நகரத்தில் உள்ள சர்வதேச விமானப் போக்குவரத்து ஸ்தாபனம் பாஷை விஷயத்தைக் கண்டிப்பாக எடுத்துக்கொண்டது. 2003-ல் புதிய விதிகள் வகுக்கப்பட்டன. 2008 மார்ச் 5 முதல் அவை அமலுக்கு வந்தன. தயாராகாத தேசங்களுக்கு 2011 மார்ச் வரை தவணை கிடைத்தது. அதன்படி சர்வதேசப் பாதையில் பறக்கும் விமானிகளும், தரையிலிருந்து அவர்களுக்கு வழி சொல்லும் அதிகாரிகளும் ஒரு வாய்மொழிப் பரீட்சையில் தேற வேண்டும். உச்சரிப்பு, வாக்கிய அமைப்பு, சொல்வளம், சரளம், கேட்டு உணர்தல், உரையாடும் திறம் என்று பரீட்சிக்கும் அம்சங்கள் ஆறு. படிகளும் ஆறு. நாலாம் படி கிடைத்தால் வேலைக்குப் போதும். ஆனால் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மறுபடி பரீட்சை. ஐந்தாம் படிக்கு ஆறு வருஷம். ஆறாம் படிக்கு மறு பரீட்சை கிடையாது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஆறு அம்சங்களிலும் வாங்கிய மார்க்குகளைக் கூட்டிச் சராசரி எடுப்பதில்லை. எதில் மிகக் குறைவோ அதுவே அந்த மனிதரின் படி! ஷேக்ஸ்பியரைத் தலைகீழாக ஒப்புவிப்பவராயினும், காதில் விழுவதை உணரும் திறம் மூன்றாம் படியில் நின்றால் அவர் மூன்றாம் படியே. சங்கிலியின் பலம் அதன் நைந்த கண்ணியில் இருக்கிறது என்பதை உணர்ந்து செய்த விதி இது.

மற்றொரு விஷயமும் நம் பிள்ளைகளுக்குத் தைரியம் தருவது. நாலாம் படிக்கு வெள்ளைக்காரர் உச்சரிப்பு தேவை என்று யாரும் சொல்லவில்லை. பேச்சில் தாய்மொழியின் சாயல் இருக்கலாம். கேட்பவருக்குப் பொருள் தடைப்படுவது எப்போதாவதாக இருந்தால் போதும். தமிழ் வாடை வீசுகிறதே என்று வெட்கப்பட வேண்டிய அவசியமே இல்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாக உடையவர்களும் தங்கள் ஊர்ப் பழமொழிகளையும் வேகத்தையும் விட்டுவிட்டு, எல்லோருக்கும் விளங்கும்படி பேசக் கடமைப்பட்டவர்கள். நிமிஷத்துக்கு 100 வார்த்தைகளுக்கு மேற்படாமல் பேச வேண்டும் என்பது ரேடியோவுக்கு வகுத்த விதி.

ஒரு "சரி"க்கு மூன்று சொற்கள்

நாம் "சரி" என்று சொன்னால் அதற்கு என்ன பொருள்? 'கேட்டேன்' என்று ஒரு பொருள். 'ஆமாம்' என்று ஒரு பொருள். 'செய்கிறேன்' என்று ஒரு பொருள். 'இப்போதைக்கு ஆளை விடு' என்று நாலாவது பொருளும் உண்டென்பதைக் குடும்பஸ்தர்கள் அறிவார்கள். விமானிகளின் பாஷையில் இவற்றைத் தனித்தனியே பிரித்துவிட்டார்கள். "ரோஜர்" என்றால், நீர் சொன்னது முழுவதும் காதில் விழுந்தது, அவ்வளவே. செய்வதாக வாக்குறுதி அதில் இல்லை. "வில்கோ" என்றால், விளங்கிற்று, அப்படியே செய்கிறேன். "அஃபர்ம்" என்றால் ஆம். "நெகடிவ்" என்றால் இல்லை. ஆம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டிய கேள்விக்கு "ரோஜர்" என்று பதில் சொல்வது தவறு.

எழுத்துக்களின் விஷயம் இன்னும் வேடிக்கை. ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தையும் பதினாறாம் எழுத்தையும் தமிழில் எழுதினால் இரண்டும் "பி". நாலாம் எழுத்தும் இருபதாம் எழுத்தும் "டி". இரைச்சலுக்கு நடுவே கேட்கும்போது ஆங்கிலேயருக்கும் இவை அப்படித்தான் குழம்புகின்றன. ஆகவே 1956 மார்ச் 1 முதல் விமான உலகம் ஒரு புதிய அரிச்சுவடியைப் பின்பற்றி வருகிறது. முன்னதற்கு "பிராவோ", பின்னதற்கு "பாப்பா". ஒன்றுக்கு "டெல்டா", மற்றொன்றுக்கு "டாங்கோ". தமிழ் எழுத்தில் எழுதினாலும் குழப்பமில்லை!

எண்களுக்கும் இதே வைத்தியம். 'ஃபிஃப்டீன்' என்பதும் 'ஃபிஃப்டி' என்பதும் காதில் ஒன்றாய் விழும். நம் பதினைந்தும் ஐம்பதும் அப்படி விழுவதில்லை. ஆகையால் திசையையும் ஓடுபாதையின் எண்ணையும் ஒவ்வோர் இலக்கமாகப் பிரித்து, 'ஒன் ஃபைவ்' என்பதுபோல் சொல்கிறார்கள். அந்த 'ஃபைவ்' கூட 'நைன்' என்பதோடு குழம்பக் கூடாதென்று, முன்னதை "ஃபைஃப்" என்றும் பின்னதை "நைனர்" என்றும் உச்சரிக்க விதித்திருக்கிறார்கள். இலக்கண வாத்தியார் காதில் விழுந்தால் பிரம்பை எடுப்பார். ஆயினும் இதுதான் சரியான ஆங்கிலம், ஆகாயத்தில்.

எல்லாவற்றிலும் பெரிய விதி, கேட்டதைத் திருப்பிச் சொல்லுதல். உயரம், திசை, வேகம், ஓடுபாதை எண், காற்றழுத்த அளவு முதலியவற்றை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் அதைக் காது கொடுத்துக் கேட்டு, பிழை இருந்தால் திருத்த வேண்டும். சுபாங்கில் திருப்பிச் சொன்னது நடந்தது, திருத்துவது நடக்கவில்லை.

பாட்டி தேறிய பரீட்சை

நம் நாட்டில் ஆங்கிலத்தைப் பெரும்பாலும் கண்ணால் கற்கிறோம், காதால் கற்பதில்லை. புஸ்தகத்தில் கண்டால் விளங்குகிற வாக்கியம், ரேடியோவில் வந்தால் காற்றோடு போய்விடுகிறது. இதைச் சோதிப்பதற்காக நம் வீட்டில் ஒரு மாலை சிறு பரீட்சை வைத்தோம். சமையலறையில் குக்கர் சீழ்க்கை அடித்துக்கொண்டிருந்தது. கூடத்தில் மின்விசிறி சுழன்றது. அடுத்த அறையிலிருந்து பத்து ஆங்கில எண்களைச் சாதாரண வேகத்தில் ஒரே முறை சொன்னோம். காலேஜில் படிக்கும் பையன் ஆறு எண்களைத்தான் சரியாக எழுதியிருந்தான். கேட்காத இடத்தில் கேட்கவில்லை என்று எழுதாமல், உத்தேசமாக ஒரு எண்ணைப் போட்டு நிரப்பியிருந்தான்!

பிறகு பாட்டியின் முறை. பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாததால் தமிழிலே சொன்னோம். மரக்காலால் நெல் அளந்து பழகியவள் அவள். ஒவ்வோர் எண்ணையும் கேட்டவுடன் உரக்கத் திருப்பிச் சொன்னாள். மூன்றாவது எண்ணின்போது குக்கர் ஊதிற்று. "இருடா, இன்னொரு தரம் சொல்லு, காதிலே விழவில்லை" என்றாள், கொஞ்சமும் கூச்சமில்லாமல். பத்துக்குப் பத்து! எண்கள் தமிழில் இருந்தது அவளுக்குச் சௌகரியந்தான். ஆனாலும் அவளை ஜயிக்கச் செய்தது அவளுடைய வழக்கம். விமானிகளுக்குப் பெரும் பணம் செலவழித்துக் கற்பிக்கும் அந்த வழக்கத்தை நெல் அளக்கும் களத்தில் அவள் கற்றிருந்தாள்.

ஆகவே இத்துறையில் ஆசையுள்ள பிள்ளைகள் வீட்டிலேயே தொடங்கலாம். தினம் கால் மணி நேரம் ஒருவர் எண்களையும் சிறு உத்தரவுகளையும் சொல்ல, மற்றவர் கேட்டு எழுதி, திருப்பிச் சொல்ல வேண்டும். முதலில் அமைதியிலும், பிறகு இரைச்சலிலும் பழக வேண்டும். ஒரே ஊராரின் ஆங்கிலத்தைக் கேட்டால் போதாது; ஜப்பானியர், அரபியர், பிரெஞ்சுக்காரர் பேசும் ஆங்கிலத்தையும் கேட்க வேண்டும். வானத்தில் எல்லோரும் வருவார்கள் அல்லவா? இலக்கணத்தில் ஏவல் வினையும், காலங்களும், எதிர்மறையும், கேள்வி கேட்கும் முறையும் கைவந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதி, வகுத்த சொற்களுக்கு அடங்காத சமயத்தில், பிரயாணிக்கு மாரடைப்பு, சக்கரம் இறங்கவில்லை என்றெல்லாம் எளிய வாக்கியத்தில் விளக்கும் திறமை. அதற்குத்தான் அந்த ஆறு படிப் பரீட்சை.

தீவிலிருந்து சென்ற பையன்

மறுபடியும் இராமேசுவரத்துப் பையனிடம் வருவோம். தமிழ் பேசும் வீட்டில் பிறந்து, இராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் உயர்தரப் பள்ளியில் ஐயாத்துரை ஸாலமன் என்ற ஆசிரியரிடம் தன்னம்பிக்கை கற்று, 1950-ல் திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரிக்குப் போனார். அங்கே ஆங்கிலம் கற்பித்தவர் ஸெக்வீரா பாதிரியார். கடைசி வருஷத்தில் டால்ஸ்டாய், ஸ்காட், ஹார்டி ஆகியோரின் நூல்களில் அவருக்கு ருசி ஏற்பட்டது. பிறகு குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் படிப்பு. அதற்குப் பணம் கட்டத் தமக்கை ஸோஹரா தம் தங்க வளைகளையும் சங்கிலியையும் அடகு வைத்தார்.

அங்கே படிக்கும்போது தமிழ்ச் சங்கத்தார் ஒரு கட்டுரைப் போட்டி நடத்தினார்கள். நம் விமானத்தை நாமே செய்வோம் என்ற கருத்தில் கலாம் தமிழிலே கட்டுரை எழுதி முதற் பரிசு பெற்றார். பரிசை அளித்தவர், ஆனந்த விகடன் ஆசிரியராக இருந்த 'தேவன்'. ஆங்கிலத்தில் விமானப் படிப்புப் படித்தவர், அதைத் தம் மக்களுக்குச் சொல்லும்போது தமிழில் சொன்னார். ஒரு பாஷையைக் கற்பதற்கு மற்றொரு பாஷையைக் கைவிட வேண்டும் என்பவர்களுக்கு இதைவிடத் தகுந்த பதில் வேறு இல்லை.

அவர் விமானியாகவில்லை. டேராடூனில் நடந்த விமானப்படைத் தேர்வில் 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார். எடுத்துக்கொண்டது எட்டுப் பேரை. மனம் உடைந்து ரிஷிகேசம் சென்று, சுவாமி சிவானந்தரிடம் ஆறுதல் பெற்றுத் திரும்பினார். பிறகு அவர் வானத்துக்கு அனுப்பியவற்றைத் தேசம் அறியும்.

இன்று அதே கடற்கரையில் நிற்கும் பிள்ளைகளில் சிலருக்கு, அவருக்குக் கிடைக்காத விமானி ஆசனம் கிடைக்க வேண்டும் என்பது நம் ஆசை. அவர்களை விலக்கி வைப்பது கணக்கு அல்ல, உடல் பலம் அல்ல. "எனக்கு ஆங்கிலம் வராது" என்ற பயமே பலருக்குத் தடையாக இருக்கிறது. அந்தப் பயத்தினால், விளங்காதபோதும் விளங்கியதுபோல் தலையாட்டும் வழக்கம் வருகிறது. தரையிலே தலையாட்டினால் மார்க்குதான் போகும். வானத்திலே தலையாட்டுவதை யாரும் பார்க்கக்கூட முடியாது.

விமானிகளின் பாஷையில் "ஸே அகெய்ன்" என்று இரண்டு சொற்கள் உண்டு. 'மறுபடி சொல்லும்' என்று பொருள். எவ்வளவு பெரிய விமானியும், எவ்வளவு மூத்த அதிகாரியும் அதைச் சொல்ல வெட்கப்படுவதில்லை, வெட்கப்படலாகாது. இராமேசுவரத்து ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் தமிழில் சொன்னதும் அதுதான். அவன் அன்று "புரிந்தது, ஸார்" என்று சொல்லியிருந்தால், அந்த வகுப்பு கடற்கரைக்குப் போயிராது. பறவையும் கரும்பலகையிலேயே நின்றிருக்கும்.